செக்ரோலுக்கு ஆறு ஆண்டு போதாது

ஒரு ரப்பர் தோட்டம் கைமாறும்போது ஆபீசில் இருக்கும் காகிதங்கள் திசைக்கொன்றாகப் பிரிந்து போகும். நிலப்பட்டா வழக்கறிஞரிடம் போகும். கணக்குப் புத்தகங்கள் தலைமை அலுவலகத்துக்குப் போகும். எந்தத் தீம்பாரில் (தோட்டப் பகுதியில்) எந்த ஆண்டு நட்ட மரம் என்று காட்டும் வரைபடத்தை மதிப்பீட்டாளர் கேட்டு வாங்கிக்கொள்வார். செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டையும், தோட்ட ஆஸ்பத்திரியின் பிறப்பேட்டையும், லயத்து வீடுகளில் யார் யார் குடியிருந்தார்கள் என்ற பட்டியலையும் கேட்டு ஒருவரும் வருவதில்லை. அவை அலமாரியிலேயே கிடக்கும். பிறகு ஸ்டோரைக் காலிசெய்ய வந்தவர் அள்ளிக்கொண்டு போய் ஆபீசுக்குப் பின்னால் கொளுத்திவிடுவார். சுங்கை சிப்புட் பக்கமும் பாகான் டத்தோ பக்கமும் நான் பேசிய பழைய கிராணிமார் (தோட்ட ஆபீஸ் எழுத்தர்கள்) பலர் இப்படித்தான் சொல்கிறார்கள்.

நிறுவனங்களின் ஆவணங்களை ஒழுங்குபடுத்துவது என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கொளுத்தியவர் பெரும்பாலும் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. என்னை உறுத்துவதும் அதுதான். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 61ஆவது பிரிவு, தொழிலாளர் பதிவேட்டில் எழுதிய விவரம் எழுதிய நாளிலிருந்து 6 ஆண்டுகளாவது பார்வைக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. வருமான வரிக்கும் கம்பெனிச் சட்டத்துக்கும் கணக்கு ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதற்குமேல் வைத்திருக்க முதலாளிக்குக் கட்டாயமில்லை. ஒப்பந்த வழக்கு தொடுப்பதற்கான காலக்கெடுவும் 6 ஆண்டுதான். ஆக, சட்டம் பார்த்தது சம்பளத் தகராறை மட்டும். அந்தப் பதிவேட்டில் பெயர் இருக்கிற மனிதருக்கு அது எத்தனை ஆண்டுக்குப் பிறகு தேவைப்படும் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. நம் நிறுவனங்களில் ஆவண நிர்வாகம் சீர்பட வேண்டுமானால் இந்தக் கணக்கைத்தான் முதலில் போட வேண்டும்.

செக்ரோலைப் பார்த்திராத இளைய தலைமுறைக்காகச் சொல்கிறேன். அகலமான, கனத்த அட்டைப் புத்தகம். விரித்தால் மேஜை நிறைந்துவிடும். இடது ஓரத்தில் வரிசை எண்ணும் பெயரும். அடுத்து 1 முதல் 31 வரை கட்டங்கள். காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) நின்று வேலைக்குப் போனவருக்கு ஒரு குறி, அரைநாளுக்கு வேறு குறி, ஆஸ்பத்திரியில் கிடந்தால் இன்னொன்று. வலது ஓரத்தில் வேலை செய்த நாள், சம்பளம், முன்பணம், பிடித்தம், கையில் கொடுத்த தொகை. நான் கையாண்ட ஒரு புத்தகத்தில் பால் வெட்டும் பெண் ஒருவரின் வரியில் பல வாரங்களுக்குக் கட்டங்கள் காலியாக இருந்தன. ஓரத்தில் கிராணி பென்சிலால் பிரசவம் என்பதைச் சுருக்கி இரண்டே ஆங்கில எழுத்தில் எழுதி, பிரசவ உதவித்தொகை கொடுத்த தேதியையும் குறித்திருந்தார். அவரைப் பொறுத்தவரை அது சம்பளக் கணக்கு. அந்த வாரங்களில் லயத்தில் பிறந்த குழந்தைக்கோ அது பிறந்த காலத்துக்கும் இடத்துக்கும் சாட்சி.

அந்தச் சாட்சியின் மதிப்பு என்ன என்பதை அரசியலமைப்பைத் திறந்தால் தெரிந்துகொள்ளலாம். 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 அக்டோபருக்கு முன்வரை இந்த மண்ணில் பிறந்தவர், பிறந்ததாலேயே குடிமகன். அதற்கு அடுத்த பல ஆண்டுகளில் பிறந்தவருக்கு, அவர் பிறந்த நேரத்தில் தாய் தந்தையரில் ஒருவராவது குடிமகனாகவோ இங்கு நிரந்தரமாகக் குடியிருப்பவராகவோ இருந்திருக்க வேண்டும். 1958இல் லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்து, பிறப்பைப் பதியாமலே வளர்ந்து, இன்றைக்கும் குடிமகன் அல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கிறவரிடம் தேசியப் பதிவிலாகா கேட்பது ஒன்றைத்தான்: எப்போது, எங்கே பிறந்தீர்கள், அதற்கு என்ன ஆதாரம்? அன்றைய விதிப்படி பிறப்பை 14 நாளுக்குள் பதிய வேண்டும். 42 நாள் தாண்டினால் தாமதப் பதிவு, அதற்குத் தனி விசாரணை. விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டிய தகப்பனுக்கு டவுனுக்குப் போய்வர ஒரு நாள் சம்பளம் போகும். பலர் போகவில்லை. 2011இல் ஆவணமில்லாதவர்களைப் பதியும் ‘மைடஃப்தார்’ இயக்கம் நடந்தபோது இப்படி விடுபட்டவர்கள் நாடெங்கும் வரிசையில் நின்றார்கள். அவர்களில் எத்தனையோ பேருக்குத் தோட்ட ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் எழுதி வைத்த ஒரு வரி கிடைத்திருந்தால் போதும். டிரஸ்ஸர் எழுதாமல் விட்டார் என்று குறை சொல்ல முடியாது. எழுதினார். எழுதியதை யாரும் வைத்திருக்கவில்லை.

பணத்தைப் பார்த்தாலும் கதை இதுதான். 1980ஆம் ஆண்டு வேலைநீக்க ஈட்டுத்தொகை விதிகளின்படி, 5 ஆண்டோ அதற்கு மேலோ வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். தோட்டம் கைமாறியபோது புது முதலாளி அதே வேலையைத் தொடர்ந்து கொடுத்திருந்தால் பழைய முதலாளியிடம் பார்த்த ஆண்டுகளும் சேரும். 28 ஆண்டு பால் வெட்டியவருக்கு 560 நாள் சம்பளம் வரவேண்டும். கையில் 6 ஆண்டு ஏடுகள்தான் இருக்கின்றன என்றால் 120 நாளுக்கு மட்டுமே காகிதச் சான்று உண்டு. மீதி 440 நாளுக்கு அவர் சேமநிதிக் கணக்கையும், சங்கச் சந்தா அட்டையையும், கூட வேலை செய்தவரின் வாய்மொழியையும் நம்பி நிற்க வேண்டும். சேமநிதி 1951இல் வந்தது. அது பெரிய துணைதான். ஆனால் முனியம்மாவின் பெயரை ஒரு முதலாளி ஒருவிதமாகவும் அடுத்தவர் வேறுவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் இரண்டு கணக்கும் ஒருவருடையதுதான் என்று நிறுவ மறுபடியும் பழைய ஏடுதான் வேண்டும்.

நம் சட்டத்துக்கு நீண்ட காலத்தை நினைக்கத் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. ஆபத்தான இரசாயனங்களைக் கையாளும் வேலையிடங்களுக்கான 2000ஆம் ஆண்டு விதிகள், தொழிலாளர்களின் உடல்நலக் கண்காணிப்புப் பதிவுகளை 30 ஆண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. காரணம் எளிது. நஞ்சு இன்று உள்ளே போனால் நோய் இருபது ஆண்டு கழித்து வரலாம். பாராகுவாட் களைக்கொல்லியை முதுகில் சுமந்து தெளித்த பெண்கள் நம் தோட்டங்களில் எத்தனை பேர்! அந்த மருந்துக்கு 2002இல் தடை அறிவித்தார்கள், 2006இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1 முதல் முழுமையாகத் தடை செய்தார்கள். அவர் எந்த ஆண்டுகளில் மருந்து அடித்தார் என்பதைச் சொல்லக்கூடியது எது? செக்ரோலில் அவர் பெயருக்கு நேரே இருக்கும் வேலைக் குறிப்பு. உடல்நலப் பதிவுக்கு 30 ஆண்டு, அதற்கு அடிப்படையான வேலைப் பதிவுக்கு 6 ஆண்டு. அப்படியானால் 30 ஆண்டு காத்த மருத்துவ ஏட்டுக்கு என்ன பயன்?

மனிதவளப் பிரிவினர் உடனே ஓர் ஆட்சேபம் சொல்வார்கள். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை முடிந்த பிறகும் தனிநபர் விவரங்களை வைத்திருக்கக் கூடாது என்கிறதே? அந்த விதி நல்ல விதி. ஒருவரின் மருத்துவ விடுப்புச் சீட்டையும், அவர்மேல் வந்த புகார்க் கடிதத்தையும், வங்கிக் கணக்கு எண்ணையும் காலமெல்லாம் வைத்திருக்க எந்த நியாயமும் இல்லை, கிழித்துவிடுங்கள். ஆனால் வேலை பார்த்ததற்கான சான்று என்பதும் ஒரு தேவைதான், அந்தத் தேவை அவர் உயிரோடு இருக்கும்வரை முடிவதில்லை. ஆகவே ஆளுக்கு ஓர் அட்டை போதும் என்பது என் கட்சி. பெயர், அந்தப் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறதோ அத்தனையும், அடையாள அட்டை எண், தாய் தந்தை பெயர், பிறந்த இடம், சேர்ந்த நாள், விலகிய நாள், எந்த டிவிஷன், என்ன வேலை, உடன் குடியிருந்த மனைவி மக்கள். இந்த ஓர் அட்டையை அவருக்கு 100 வயது ஆகும் ஆண்டுவரை வைத்திருங்கள். பிரிட்டன் தன் அரசு ஊழியர்களின் பணிப்பதிவுக்கு இந்த 100 வயதுக் கணக்கைத்தான் வைத்திருக்கிறது. மற்றவற்றை 7 ஆண்டில் தயங்காமல் அழிக்கலாம். எல்லாவற்றையும் வைத்திருப்பேன் என்கிற நிறுவனத்தில் எதுவும் கிடைப்பதில்லை. நான் பார்த்த மிக மோசமான ஆவண அறைகள் எதையும் வீசாதவர்களுடையவைதான்.

ஒரு மனிதரைப் பற்றிய ஒற்றைத் தாள் என்ன செய்யும் என்பதற்கு ஃபிஜியைப் பாருங்கள். 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போன 60,000க்கு மேற்பட்டோரில் ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்றச் சீட்டு இருந்தது. பெயர், தகப்பன் பெயர், ஊர், தாலுகா, சாதி, உயரம், உடம்பில் உள்ள அடையாளம். அவர்களை எண்ணிக்கை பார்த்து வேலை வாங்குவதற்காக எழுதியதுதான். ஆனால் அந்தச் சீட்டுகள் தப்பிப் பிழைத்ததால், நூறு ஆண்டு கழித்துப் பேரப்பிள்ளைகள் தென்னாற்காட்டுக் கிராமம்வரை வந்து உறவைத் தேட முடிகிறது. 2011இல் யுனெஸ்கோ, ஃபிஜி, கயானா, சுரிநாம், டிரினிடாட் ஆகிய நாடுகளின் ஒப்பந்தத் தொழிலாளர் ஆவணங்களை உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்களில் பெரும்பாலோர் கங்காணி வழியாக வந்தவர்கள். கங்காணி தன் ஊரில் ஆள் சேர்த்து, நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ முகாமில் வைத்து, கப்பலேற்றிப் பினாங்கில் இறக்கினார். ஃபிஜிச் சீட்டைப் போல ஆளுக்கொரு முழு விவரத் தாள் நம் கையில் இல்லை. ஆக, மலாயாத் தமிழனின் முதல் எழுத்துச் சான்று பல குடும்பங்களுக்குத் தோட்டத்துச் செக்ரோல்தான். அதையும் விட்டுவிட்டால் அதற்குப் பின்னால் போக வழியில்லை.

எழுதப்படாத பெயருக்கு என்ன நேரும் என்பதை நாம் 1942-43இல் பார்த்துவிட்டோம். ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் செத்த நேச நாட்டுப் போர்க்கைதிகளில் ஏறக்குறைய 7,000 பேருக்குக் காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கிறார்கள். அவர்களுக்குப் படைப் பட்டியல் இருந்தது. முகாமிலும் உயிரைப் பணயம் வைத்துப் பட்டியலைக் காத்தார்கள். அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர் செத்தார்கள். அவர்களுக்குப் பட்டியல் இல்லை. எத்தனை பேர் என்பதைக்கூட இன்றுவரை மதிப்பிட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு தோட்டத்தின் 1942 செக்ரோலும் 1946 செக்ரோலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கக் கிடைத்தால், இடையில் காணாமல் போன பெயர்களைக் குடும்பங்களிடம் கொண்டுபோய்க் கேட்கலாம். அந்த வாய்ப்புக்காகவாவது எஞ்சியவற்றைத் தேட வேண்டும்.

கம்பெனிகளால் முடியாத காரியமா இது? இங்கே தோட்டங்கள் நடத்திய ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு குழுமத்தின் பழைய ஆவணங்கள் லண்டன் நகர ஆவணக் காப்பகத்தில் வரிசை எண் போட்டு இருக்கின்றன. யாரும் போய்க் கேட்டு வாசிக்கலாம். வேண்டும் என்று நினைத்தால் வைத்திருக்க முடியும்.

நம் வீட்டையும் பார்க்க வேண்டும். தோட்டம் போன பிறகு நம் சமூகத்தின் ஆவணங்கள் கோயில் நிர்வாகத்திடமும் தமிழ்ப்பள்ளியிடமும் கூட்டுறவுச் சங்கங்களிடமும்தான் இருக்கின்றன. பேராக்கில் மட்டும் 130க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள். அவற்றில் பல, தோட்டம் மூடியபின் அதே பெயரோடு டவுனுக்கு இடம் மாறியவை. ஒவ்வொன்றிலும் சேர்க்கைப் பதிவேடு உண்டு. மாணவர் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள், விலகிய நாள். பள்ளி இடம் மாறும்போது நாற்காலி மேஜைக்கு எழுதுகிற பட்டியலில் இந்த ஏடு முதல் வரியாக வர வேண்டும்.

கோயில்களில் நிலைமை இன்னும் மோசம். சங்கங்களின் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்புவதோடு பல நிர்வாகங்களின் ஆவணக் கடமை முடிந்துவிடுகிறது. கூட்டக் குறிப்பேடு செயலாளர் வீட்டில். தோட்ட நிர்வாகம் நிலத்தைக் கொடுத்த கடிதம் முன்னாள் தலைவரிடம். தேர்தலில் கோஷ்டி மாறினால் பழையவர் ஒன்றும் தருவதில்லை, புதியவர் கேட்பதும் இல்லை. மேம்பாட்டு நிறுவனம் புல்டோசரோடு வரும்போது, தோட்டத் துரை கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அந்த ஒரு கடிதத்தைத் தேடி ஊரே அலைகிறது. இப்போது கூட்டக் குறிப்பே வாட்ஸ்அப்பில்தான். செயலாளர் கைப்பேசியை மாற்றினால் நிர்வாகத்தின் நினைவே போய்விடும்.

இதற்குப் பெரிய செலவெல்லாம் வேண்டாம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள்: ஆவணங்கள் பதவிக்குச் சொந்தம், ஆளுக்கு அல்ல, பதவி மாறிய 14 நாளுக்குள் பட்டியல் போட்டு இரண்டு பேர் கையெழுத்தோடு ஒப்படைக்க வேண்டும். வைத்திருக்க வேண்டியவை என்று ஒரு பக்கம் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். என்றைக்கும் அழிக்கக் கூடாதவை கூட்டக் குறிப்பேடு, நிலம் சம்பந்தமான கடிதம், உறுப்பினர் பதிவேடு, திருமணப் பதிவு. பற்றுச்சீட்டும் ரசீதும் 7 ஆண்டு. திருவிழா அழைப்பிதழ் ஆண்டுக்கு ஒன்று. அரசு அலுவலகங்கள் இப்படித்தான் நடக்கின்றன. 2003ஆம் ஆண்டு தேசிய ஆவணக் காப்பகச் சட்டப்படி, காப்பகத் தலைமை இயக்குநரின் அனுமதியில்லாமல் அரசு ஆவணம் எதையும் அழிக்க முடியாது. 25 ஆண்டு கடந்தவற்றில் தேசிய, வரலாற்று மதிப்புள்ளவை காப்பகத்துக்குப் போகின்றன. அந்த ஒழுங்கு தனியார் தோட்டத்தையும் கோயிலையும் கட்டுப்படுத்தாது. நாமாகத்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஸ்கேன் செய்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்கிறவர்களிடம் நான் ஒன்றே ஒன்று கேட்பேன்: ஒரு பெயரைச் சொல்கிறேன், இரண்டு நிமிடத்தில் எடுத்துத் தர முடியுமா? பெரும்பாலும் முடிவதில்லை. நாலாயிரம் படம் ஒரே கோப்புறையில், கேமரா போட்ட எண்ணோடு கிடக்கும். படம் எடுப்பது கால்வாசி வேலை. முக்கால்வாசி வேலை அட்டவணை எழுதுவது. தமிழில் பெயர், ஏட்டில் உள்ளபடி ஆங்கிலப் பெயர், தகப்பன் பெயர், தோட்டம், ஆண்டு, பக்கம். இலங்கைத் தமிழர்கள் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற மின்னூலகம் இந்த அட்டவணை வேலையில் காட்டிய பொறுமையால்தான் இன்று அதில் உள்ளவற்றைத் தேடிப் படிக்க முடிகிறது. ஈப்போவில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கிராணிமாரும் நிறைய இருக்கிறார்கள். பழைய கையெழுத்தைப் படிக்கவும், எந்த டிவிஷனை ஜனங்கள் எந்தப் பெயரில் அழைத்தார்கள் என்று சொல்லவும் அவர்களால்தான் முடியும். இந்த வேலையை அவர்கள் இருக்கும்போதே தொடங்க வேண்டும்.

இனி மூடப்போகிற தோட்டங்களுக்கு ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி, 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டநிலத்தைக் கைமாற்ற தோட்டநில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலில் தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்த அனுபவத்தால் பிறந்த ஏற்பாடு அது. அதே துண்டாடலுக்கு எதிராகத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒப்புதலுக்கு விண்ணப்பிக்கும் நிறுவனம், தன்னிடமுள்ள தொழிலாளர் பதிவேடுகள், ஆஸ்பத்திரி ஏடுகள், குடியிருப்புப் பட்டியல்கள் ஆகியவற்றைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒப்படைத்த சான்றையும் இணைக்க வேண்டும் என்று பேராக் மாநில அரசு ஒரு நிபந்தனை சேர்க்கட்டும். ஒரு தோட்டத்தின் அரை நூற்றாண்டு ஏடுகள் ஒரு சிறிய அறைக்குள் அடங்கிவிடும். கோடிக்கணக்கான வெள்ளி கைமாறும் விற்பனையில் இந்தச் செலவு யாருக்கும் தெரியாது. நம் சட்டமன்ற உறுப்பினர்கள் இதைக் கேட்க வேண்டும், தோட்டத் தொழிலாளர் சங்கமும் கேட்க வேண்டும்.

அதற்குள் வீட்டில் பழைய தோட்டத்து ஏடு எதையாவது வைத்திருப்பவர்கள், கிராணிமார் குடும்பங்களில் அப்படிப் பலர் உண்டு, தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். லேமினேட் செய்யாதீர்கள், சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரித்தெடுக்க முடியாது. செலோடேப்பும் வேண்டாம். துருப்பிடித்த குண்டூசியையும் இளகிப்போன ரப்பர் வளையத்தையும் மெதுவாக எடுத்துவிடுங்கள். சிமெண்டுத் தரையிலோ குளியலறைச் சுவரை ஒட்டியோ வைக்காமல், காற்றோட்டமுள்ள அலமாரியில் படுக்கை வாட்டில் வையுங்கள். கரையான் புற்று தெரிகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். அட்டையின் உள்பக்கம் பென்சிலால் எழுதுங்கள்: எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, யார் கையிலிருந்து உங்களுக்கு வந்தது. பேனாவால் எழுத வேண்டாம்; மை ஊறிவிடும்.

(கட்டுரையாளர் ஈப்போவில் பணியாற்றும் ஆவண மேலாண்மை ஆலோசகர்)